மான் கடித்த துறைமுகம்

திருகோணமலைத் துறைமுகத்தில் எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் நங்கூரம் போட்டிருக்கின்றன. கணவாய் அண்ணரைப் போல ஓர் அதிசயத்தை அவற்றில் ஒன்றுகூட இறக்கியதில்லை, சத்தியமாக!

கப்பல் முகவர் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். கணவாய் மீன் கக்கும் மையைப் போத்தலில் பிடித்துவந்து படம் கீறியதால் அந்தப் பெயர். மையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மஞ்சள் தூள், கிரேயோன், மேலாளரின் தேத்தண்ணி, எது கையில் அகப்பட்டாலும் அவருடைய படக்கொப்பிக்குள் போய்விடும்.

"தம்பி, ஓடி வா, ஓடி வா! மெழுகுதிரியால கீறிப்போட்டு மேல தேத்தண்ணியை ஊத்தினனான். மெழுகு பட்ட இடத்தில ஒட்டேல்லை. பார், கடல் நுரை தானா வந்திட்டுது!"

"அண்ணை, அது மேலாளரின்ர தேத்தண்ணியெல்லோ!"

"அவருக்கு இன்னொண்டு வரும். எனக்கு இப்பிடியொரு நுரை வருமே?"

எதிர் மேசை ரீட்டா மிஸ்ஸின் புது உதட்டுச்சாயம் அந்தி வானமாகிப் போனது. மூன்று நாள் அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் இன்னொரு நிறத்தையும் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நேரம்தான் கொழும்பில் ஒரு பதிப்பகம், துறைமுகத்தைப் பற்றிய சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைய ஆள் தேடியது. படக்கொப்பியை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பியாக வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுவரை சரக்குப் பத்திரம் நிரப்பிய மனுசனுக்கு இருந்த ஒரே ஆசை அது. கடைசிப் படம் எங்கள் துறைமுகம். பழைய கடல் வரைபடத்தைக் கிழித்துக் கஞ்சிப்பசையால் ஒட்டி, ஈர நீலத்தின் மேல் உப்புத் தூவியிருந்தார். உப்பு நிறத்தை உறிஞ்ச, கடலெல்லாம் நட்சத்திரம்!

"பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. வெயில்ல காயட்டும், பார்த்துக்கொள் தம்பி" என்று மதிலில் விரித்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நகரத்துத் தெருவில் திரியும் மான்கள் கடதாசி தின்னும் என்று திருகோணமலைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அதிலும் கஞ்சியும் உப்பும் போட்டல்லவா பரிமாறியிருக்கிறது! நிமிர்ந்தால், ஒரு புள்ளிமான் துறைமுகத்தை மென்றுகொண்டு நிற்கிறது.

ஓடிப்போய் அதைத் துரத்தினேன். அண்ணர் வந்து பார்த்தார். படத்தின் நடுவில் பெரிய ஓட்டை. முகம் வெளிறிப்போய் அப்படியே மதிலில் சாய்ந்துவிட்டார்.

"அண்ணை, என்னை ஏசுங்கோ, அடியுங்கோ" என்றேன்.

அவர் ஓட்டைக்குள்ளால் அடுத்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு துள்ளு!

"மையை எடு, கெதியா எடு! ஓட்டைக்கு நேர அடுத்த பக்கத்தில கப்பல் கீறப்போறன். தாளைத் திருப்பக் கப்பல் முழுசா வெளியில வரும்! இப்பிடி வெட்ட எனக்கு ஏலாதடா, என்ன பல்லு அந்த மானுக்கு!"

ஓடும் பஸ்ஸை மறித்துத்தான் கொப்பியை ஏற்றினோம். வேலை அவருக்கே கிடைத்தது. ஓட்டையோடேயே அச்சிட்டார்கள்.

புத்தகம் வந்ததும் முதற்பக்கத்தை விரித்து என் கையில் தந்தார். படங்கள் என்ற இடத்தில் அவர் பெயர். அதற்குக் கீழே இன்னொரு வரி: "ஓட்டை: ஒரு மானும் என் தம்பியும்."

அண்ணருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கந்தோர் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நான் 'என் தம்பி' என்ற இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.