டிஸ்போர்ட்டுக்கு ஓர் உதாரணம்

ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆபீசில் அந்த வாரம் உதவி ஆசிரியரான அவர் தலையில் விழுந்த சொல் 'டிஸ்போர்ட்'. பழைய ஆங்கில வினைச்சொல். கவலை மறந்து ஆடிக் களிப்பது என்று பொருள் எழுதிவிட்டார். இன்றைக்கு யாரும் பேச்சில் சொல்வதில்லை, சொன்னாலும் லேசான கிண்டலோடுதான் என்று குறிப்பும் எழுதியாயிற்று. பாக்கி, உதாரண வாக்கியம். தலைமை ஆசிரியர் பிடிவாதக்காரர். கண்ணால் பார்த்ததைத்தான் உதாரணமாக எழுத வேண்டும். கற்பனை என்று மோப்பம் பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தப் பிடிவாதம்தான் அவருக்குக் கை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பின் பின்புற மைதானத்தில் ஷட்டில் இறுதி ஆட்டம். மருந்துக்கடைக்காரரும் இவரும் ஒரு ஜோடி. ஆனால் ஞாயிறு, வீட்டில் ஒட்டடை அடிக்கும் நாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்ததில்லை. பாவம், ஆயுசில் ஒரு கோப்பையையாவது கையில் வாங்கிவிட வேண்டும் என்று இவர் உண்மையாகவே ஏங்கிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ் வேலையா வெளிய போறேன்" என்றார், துக்கம் விசாரிக்கப் போகிறவர் முகத்தோடு.

"ஞாயித்துக்கிழமையிலயா?" மனைவி ஒட்டடைக் கம்பை இறக்கினாள்.

"ஜனங்க கவலையில்லாம விளையாடறதப் பாத்து எழுதணும். தலைமை ஆசிரியர் உத்தரவு."

"நீங்க விளையாடணுமா, பாக்கணுமா?"

"சேச்சே, பாக்கறது மட்டும்தான். விளையாட எனக்கு ஏது நேரம்?"

"அப்ப பையில எதுக்கு பேட்டு?"

அவர் குனிந்து பார்த்தார். கைப்பிடி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது விளையாடினாத்தானே நான் பாக்க முடியும்? அதுக்குத்தான்."

"வாஸ்தவம்தான். யாரையோ எதுக்குத் தேடணும்? நானே வரேன்."

மைதானத்தில் மருந்துக்கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன சார் இவ்வளவு லேட்டு!"

"அவருக்கு இன்னிக்கு ஆபீஸ் வேலைண்ணே. பாக்க மட்டும்தான் வந்திருக்கார். அவருக்குப் பதிலா நான் ஆடறேன்" என்றாள் மனைவி.

இல்லை என்று மறுத்தால் பொய் வெளியாகிவிடும். அவர் போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி செருப்பைக் கழற்றி அவர் காலடியில் விட்டாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

குதித்தாள். தவறவிட்டாள். தவறவிட்டதற்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் இத்தனை வருஷத்தில் வீட்டில் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபோது தோற்பதைவிட அதிகமாக வலித்தது. பேனாவை எடுத்து எழுதினார்: 'கணவன் செருப்புக்குக் காவல் இருக்க, மனைவி மைதானத்தில் ஆடிக் களித்தாள்.'

கடைசிப் புள்ளியும் அவளுக்கே. வேர்த்து வழிய, கோப்பையோடு வந்து, எட்டிப் படித்தாள்.

"ஜெயிச்சாள்னு போடலியே?"

"அந்த வார்த்தைல ஜெயிக்கறது வராது. சும்மா ஆடறது மட்டும்தான்."

"அப்படின்னா அது எனக்கு ஆகாது, வேற வார்த்தை பாருங்க" என்றவள், கோப்பையை அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் புடிங்க, தலைய முடிஞ்சுக்கறேன்."