ஆம் என்றால் தலையசைக்கவும்

"ஜம்புலிங்கம் அவர்களே, போர்ட் பிளேருக்கு ஒரு டிக்கெட் வேண்டுமா? ஆம் என்றால் தலையசைக்கவும்" என்றது இயந்திரம்.

ஜம்புலிங்கம் தலையசைத்தார்.

"நன்றி. டிக்கெட் ரத்து செய்யப்பட்டது."

மறுபடியும் ஆதார் கார்டைக் காட்டினார். மறுபடியும் ரத்து.

அந்தமானின் மாயாபந்தர் படகு ஜெட்டியில் அந்த வாரம்தான் அதை வைத்திருந்தார்கள். உப்புத்தண்ணீர் பட்ட விரலுக்குத் தொடுதிரை மசிவதில்லை என்று, தலையசைப்பைப் பார்த்தே புரிந்துகொள்ளும் இயந்திரம். கவுண்டரை மூடிவிட்டார்கள்.

இந்தப் போட்டை விட்டால் நாளைக் காலைக்குள் போர்ட் பிளேரின் ஷாதிபூருக்குப் போய்ச்சேர முடியாது. அங்கே பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து மகள் தமிழரசி போன் செய்திருந்தாள்.

"வாங்கப்பா. வரலைன்னா எங்க மேல இன்னும் கோவம்னு எடுத்துக்குவேன். அப்புறம் கூப்பிட மாட்டேன்."

அவருக்குக் கோபமே இருந்ததில்லை. ஹரியானாவிலிருந்து வேலைக்கு வந்த யோகேஷோடு அவள் ஏன் சொல்லாமல் போய்த் தாலி கட்டிக்கொண்டாள் என்பதுதான் புரியவில்லை. கேட்கவும் இல்லை. தன் இரும்புக் கடையில் ஆணியை நிறுத்துப் போடுவதுபோல வார்த்தையையும் நிறுத்தே போடுகிறவர்.

"அண்ணே, பக்கவாட்டுல ஆட்டுறீங்க. அது வேணாம்னு எடுத்துக்குது" என்றாள், கூடைக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் பின்னால் நின்ற மீன்காரி ஒச்சம்மா. "பூம்பூம் மாடு மாதிரி மேல கீழ ஆட்டுங்க!"

முயன்றார். 'ஆமாம்' என்று நினைத்த மாத்திரத்தில் கழுத்து இடமும் வலமுமாகத் துவண்டது. இத்தனை வருடமாக 'சரி' என்ற சொல் அவர் நாக்கில் இருந்ததில்லை, கழுத்தில்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வரிசை முணுமுணுத்தது. "ஜல்தி கரோ, பாய்! சீக்கிரம்!"

ஒச்சம்மா பொறுமையிழந்து, மீன் வாடைக் கைகளால் அவர் தலையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினாள்.

"இரண்டு முகங்கள் தெரிகின்றன. நீங்கள் தம்பதியரா? நன்றி. தம்பதியர் இருக்கை பதிவாகிறது."

"அட நாசமாப் போற மிஷினே!" ஒச்சம்மா தலையைப் படபடவென்று உதறினாள்.

"நன்றி. இருவரின் டிக்கெட்டும் ரத்து."

"என்னுதுமா? காலையிலேயே எடுத்து வச்சேனே!"

போட் சங்கு ஊதியது. ஜம்புலிங்கத்தின் கண் கலங்கியது. அதைப் பார்த்த ஒச்சம்மா திட்டுவதை நிறுத்தினாள். அவருடைய குடையை முதுகோடு நிறுத்தி, தோள் துண்டால் கழுத்தையும் அதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"இப்பப் பக்கவாட்டுல எப்படி ஆட்டுறீங்கன்னு பாக்குறேன்."

இயந்திரம் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது.

"கழுத்தில் காயமா?"

இல்லை என்று தலையாட்டப் பார்த்தார். குடை விடவில்லை. தலை மேலும் கீழும்தான் போனது.

"நன்றி. நோயாளி இருக்கையும் துணைக்கு ஓர் இருக்கையும் ஒதுக்கப்பட்டன."

ஊழியர்கள் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்லப்பா" என்று விலகப்போனவரை அமுக்கி அதில் உட்காரவைத்தார்கள். "சாச்சா, ஹில்னா மத்! அசையக் கூடாது!"

ஒச்சம்மா துணையாள் முகத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். போர்ட் பிளேர் வரை அவரை ஒருவரும் அசைய விடவில்லை.

அங்கே ஜெட்டியில் குழந்தையும் யோகேஷுமாகக் காத்திருந்த தமிழரசி, சக்கர நாற்காலியைக் கண்டதும் அலறினாள். "அப்பா! கழுத்துக்கு என்ன ஆச்சு?"

"கழுத்துக்கு ஒண்ணுமில்ல தாயி. 'சரி'ங்கிறதுக்கு உங்கப்பாவுக்குத் தலையாட்டத் தெரியல" என்று ஆரம்பித்து, துண்டை அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள் ஒச்சம்மா.

தமிழரசி அழுதுகொண்டே சிரித்தாள். பேத்தியை நீட்டி, "தூக்கிக்கிறீங்களாப்பா?" என்றாள்.

விடுதலையான கழுத்து இடமும் வலமுமாக இஷ்டத்துக்குத் துவண்டது. ஜம்புலிங்கம் கைகளை நீட்டினார்.

யோகேஷ் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டான்:

"மாமாஜி... அன்னிக்கி கடைக்கு வந்து தமிழரசியைக் கல்யாணம் பண்ணிக்கவான்னு நான் கேட்டேனே, அப்போ நீங்க இப்படி ஆட்டினது... 'சரி'யா?"