ஜொவிட்டா கல்யாணமும் வெள்ளிக்கிழமை மேகமும்

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மச்சான் கிளிஃபர்டுக்கு,

உன் அக்கா புருஷன் பவுல்சாமி ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா லூயிசாவும், அவளுடைய ரத்தக்கொதிப்பும் நலம். நீ நலமா என்று கேட்கலாம் என்றால் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் விழவில்லை. ஆகவே ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் என்ற முறையில், முழுத்தாளில், ஓரம் விட்டு எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வருகிற சனிக்கிழமை காலை என் மகளும் உன் ஞானமகளுமான ஜொவிட்டாவுக்குக் கல்யாணம். அதைத் தள்ளிப்போட வழியே இல்லை. மறுநாள் திருவருகைக் காலம் பிறந்துவிடுகிறது, கிறிஸ்துமஸ் வரை சாமியார் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடமாட்டார். மாப்பிள்ளை ஃபிரெட்ரிக்கோ டிசம்பர் இரண்டாம் வாரம் கப்பலேறினால் ஒன்பது மாதம் கடலில். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் எரிபொருள் நிரப்பும் குழுவில் இருக்கிற மணப்பெண், ராக்கெட் கிளம்பாமல் தான் கிளம்பமாட்டேன் என்கிறாள். அந்த ராக்கெட் மழையால் தள்ளித் தள்ளிப் போய், இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் வந்து நிற்கிறது. அதுவும் மேகம் வழிவிட்டால்தான். வெள்ளிக்கிழமை தவறினால் சனிக்கிழமையாம், கல்யாணம் முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்லேன் என்றால், "அப்பா, அது நீங்க கைகாட்டி நிறுத்தற பஸ்ஸாப்பா?" என்கிறாள். சரி, மேகத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்கிற வானிலைப் பிரிவில் உட்கார்ந்திருப்பது யார்? நீ. என் சொந்த மச்சான்.

இந்தக் கவலையில் போன ஞாயிறு பூசையில் நான் செய்துவைத்த காரியத்தைக் கேள். நவம்பர் என்றால் உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம், பீடத்துக்கு முன்னால் பெட்டி வைத்து, இறந்துபோனவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்வார்கள் என்பது ஞானஸ்நானம் வாங்கிய எவனுக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. வழக்கமான மன்றாட்டுப் பெட்டி என்று நினைத்து, "ஜொவிட்டா, ராக்கெட்" என்று மட்டும் எழுதிப் போட்டுவிட்டேன். ஆண்டவருக்குத் தெரியாத விவரமா, எதற்கு நீட்டி எழுதவேண்டும் என்று. சாமியார் புதிதாக வந்தவர், பாவம், கையில் கிடைத்ததை வாசித்தார். "ஜொவிட்டா, ராக்கெட் ஆகியோரின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய மன்றாடுவோம்" என்றார், கோயில் முழுக்க "ஆமென்" என்றது. பழக்க தோஷம், மச்சான், நானும் சொல்லிவிட்டேன். கடைசியில் கல்யாண ஓலை வாசிக்கும்போதுதான் வினை வந்தது. மூன்றாவது ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சாமியார் சொல்லி வாய் மூடவில்லை, முன்வரிசையில் டீனா டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். "சாமி, இப்பதான பொண்ணுக்கு ஆன்மா இளைப்பாற வேண்டிக்கினோம். இத்தவிடப் பெரிய தடை இன்னா வேணும்?" சாமியார் என்னைப் பார்த்தார், நான் உன் அக்காவைப் பார்த்தேன், உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முழுத்தாள் போதாது.

நான் எழுந்து விளக்கம் சொல்வதற்குள் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். சாயங்காலம் வரை வீட்டுக்கு ஆள் வந்தவண்ணம் இருந்தது. எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு, "ராக்கெட் யாருங்க, மாப்ள வூட்டுப் பையனா?" என்றுதான் கேட்டார்கள். பிரியாணி மாஸ்டர் மெஹபூப் அலி கண்கலங்கி வந்து நின்றார். "இன்னா சார் இப்டி ஆயிடுச்சு, அண்டா ஏத்தணுமா வேணாவா?" என்றார். பெண் உயிரோடுதான் இருக்கிறாள் என்று போனில் பேசவைத்துக் காட்டினேன். "அப்ப ராக்கெட்டு?" என்றார். சாமியாரும் பெண்ணைக் கண்ணால் பார்த்தபிறகுதான் கல்யாணம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மச்சான், நான் சும்மா கேட்கவில்லை, சரித்திரத்தோடு கேட்கிறேன். நம் நாட்டில் முதல் ராக்கெட் கிளம்பியது எங்கே? தும்பாவில், அறுபத்துமூன்றில், இதே நவம்பரில். அங்கே இருந்தது என்ன? மகதலா மரியா கோயில். விஞ்ஞானத்துக்கு வேண்டும் என்று கேட்டதும் ஆயர் கொடுத்தார், சனங்கள் இடம்பெயர்ந்து போனார்கள், கோயிலுக்குள்ளே ஆபீஸ் நடந்தது. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன காலம் அது. ஒரு கோயிலையே கொடுத்தவர்கள் ஒரு சனிக்கிழமையைத் திருப்பிக் கேட்கிறோம், தப்பா? ரஷ்யாக்காரன் நாயை அனுப்பினான், அமெரிக்காக்காரன் ஆளை இறக்கினான், நாம் நிலாவின் தென்துருவத்துப் பக்கம் வண்டியை இறக்கினோம், அன்றைக்கு மந்தைவெளி மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் லட்டு கொடுத்தவன் நான். 2040க்குள் நிலாவுக்கு ஆள் அனுப்புவோம் என்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் சூலூர்பேட்டையில் ரயிலேற்றி என் பெண்ணை மந்தைவெளிக்கு அனுப்ப முடியுமா பாருங்கள்.

"ஏங்க, கல்யாணம் பொண்ணுக்கா, ராக்கெட்டுக்கா?" என்று உன் அக்கா தினமும் கேட்கிறாள். அவளிடம் அதட்டிப் பேசிவிடுகிறேன், உன்னிடம் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை மகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகத்தான் கோட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். கோட்டு மட்டும் தனியாக நடந்துபோக முடியாது.

ஆகவே வெள்ளிக்கிழமை கொஞ்சம் தாராள மனசோடு வானத்தைப் பார். பொய் சொல்லச் சொல்லவில்லை. பெரிய மேகமாக இருந்தால் நடுத்தர மேகம் என்று எழுது, போதும். இடி இருந்தால் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடு, ராக்கெட்டுக்கு ஒன்று என்றால் அவள்தான் அழுவாள். பந்தலும் நனையாமல் இருக்கும், ராக்கெட்டும் போகும், பெண்ணும் வருவாள். அந்தோனியார் உன் கண்ணுக்கு நீல வானத்தையே காட்டட்டும், உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

உன் அன்பு மச்சான்,
பவுல்சாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜொவிட்டா போன் செய்தாள். "அப்பா, வியாழக்கிழமைலருந்து பேய்மழையாம், கிளிஃபர்ட் மாமா அடிச்சு சொல்லிட்டாரு. லாஞ்ச் அடுத்த புதன்கிழமைக்குப் போயிடுச்சு. நாளைக்குக் காலைல வீட்ல இருப்பேன், ஞாயித்துக்கிழமை நைட்டு திரும்பணும்" என்றாள். உன் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும், மச்சான்! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஒரு மேகத்தையும் கலையவிடாதே, வானம் தெளிந்தால் மறுபடி வெள்ளிக்கிழமைக்கே இழுத்துவிடப் போகிறார்கள். பந்தல் நனையட்டும், மெஹபூப் அலி தார்ப்பாய் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். முழங்கால் தண்ணீரானாலும் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிடுவேன். மழை நிற்கவேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்டிருந்ததை இப்போதே ஓடிப்போய் மாற்றிச் சொல்லவேண்டும். இந்த முறை சீட்டுக் கிடையாது, நேரில்தான்.

இன்னொன்று. புதுமாப்பிள்ளை சூலூர்பேட்டையில் அறை எடுத்து, புதன்கிழமை ராக்கெட் பார்க்கப் போகிறானாம். நானும் வருகிறேன் என்றேன். "அப்பா, அது எங்க ஹனிமூன்பா" என்கிறாள். பார்வையாளர் மாடத்தில் எனக்கு ஒரே ஒரு இடம் வாங்கிக் கொடு. அவர்கள் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். என் பெண் எரிபொருள் ஊற்றி அனுப்புகிற வண்டி, அது மேலே போவதை நான் பார்க்கவேண்டாமா? அந்தப் புதன்கிழமை மட்டும் மேகம் ஒன்றுகூட வேண்டாம், மச்சான்.