மூன்றாவது கேப்டன்

மச்சினன் இந்த வீட்டுக்குள் ஒரு காலை வைத்தால், தான் இரண்டு காலையும் வெளியே வைத்துவிடுவதாக ஃபோர்மேன் சபதம் போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. காரணம் லேசுப்பட்டதல்ல. அவர் ரிப்பேர் செய்த மின்விசிறியைக் காட்டி அந்தப் பயல், "அத்தான், இது காத்து வர்றதுக்கா, பயமுறுத்துறதுக்கா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான்.

இப்போது அவனுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு மாசம் அக்கா வீட்டில் தங்க வேண்டுமாம்.

"நடக்காது! இந்தக் கப்பலுக்கு நான்தான் கேப்டன்."

கப்பல் பேச்சு டிவியிலிருந்து வந்தது. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவியோடு சேர்ந்து அவரும் விண்வெளித் தொடர்களில் விழுந்துவிட்டார். அவருக்கு ஏழு மணித் தொடரின் முறுக்குமீசைக் கேப்டன். அவளுக்கு எட்டு மணித் தொடரின் நரைமுடிக் கேப்டனம்மா.

"உங்க ஆளு எந்தக் கிரகத்துல இறங்கினாலும் நாலு பேரைக் காவு கொடுக்காம ஏற மாட்டாரு."

"சண்டைன்னா நாலு பேரு போகத்தான் செய்வான்!"

"சண்டை எங்கங்க நடந்துச்சு? தண்ணி பிடிக்கப் போனாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மச்சினன் விஷயத்தையும் இதிலேயே தீர்த்துவிடலாம் என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதினார்: 'அதிக ஆளை இழந்த கேப்டன் சொல் செல்லாது.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மனைவி தையல்காரி. செத்த ஆளுக்கு ஒரு பட்டன் என்று இரண்டு டப்பாக்களில் போட்டு வந்தாள். தொடர்கள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டி எண்ணினார்கள்.

மீசை, முப்பத்தெட்டு. அம்மா, முப்பத்துநாலு.

கணக்குப்படி ஃபோர்மேன் தோற்றுவிட்டார். ஆனால் இருபத்தாறு வருஷம் ஷிஃப்டுக்கு ஆள் எண்ணிய மூளை சும்மா இருக்குமா?

"இரு, இரு! உன் கப்பல்லேர்ந்து ஒன்பது பேரு வேற கப்பலுக்கு மாத்திக்கிட்டுப் போனானே? அவனுங்களைச் சேர்க்கலை!"

"அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"ஃபேக்டரியில செத்தாலும் ஆள் குறைவு, விட்டுட்டுப் போனாலும் ஆள் குறைவு. என் கேப்டனை விட்டு எவனாவது போனானா? போகவே முடியாது, அதுக்குள்ள செத்துடுவான்!"

அவள் யோசித்தாள். "கோபிச்சுக்கிட்டுப் போனாலும் இழப்புதானா?"

"இழப்பேதான்!"

"அதையும் எழுதிடுங்க."

எழுதினார். அடிக்கோடும் போட்டார். நாற்பத்து மூன்றுக்கு முப்பத்தெட்டு. வெற்றி!

அவள் எழுந்து போய் மூன்றாவதாக ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். பெரிய டப்பா.

"இது எந்த சீரியல்?"

"இந்தக் கப்பல்."

கவிழ்த்தாள். மேஜை நிறையப் பட்டன்.

"இது உங்க பெரியப்பா மகன். போட்டோவுல நடுவுல நின்னுட்டான்னு விரட்டினீங்க. இது மாடிவீட்டு டீச்சர். உங்க செருப்பு மேல அவங்க செருப்பை விட்டாங்களாம். இது பல் டாக்டர்..."

"பல் டாக்டர் நம்ம கப்பலா?"

"மாசம் ஒரு தடவை சாப்பிட வந்துட்டிருந்தாரே. மொத்தம் அம்பத்தொண்ணு."

"இவங்க யாரும் சாகலையே!"

"சாகணும்னு இல்லையே. அடிக்கோடு போட்டிருக்கீங்க."

ஒரு சிவப்புப் பட்டனை எடுத்தார். "இது யாரு?"

"உங்க சொந்த அக்கா."

"அவ எப்போ போனா?"

"ஏழு வருஷமாச்சு. நீங்க கவனிக்கலை."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கம்பு, கட்டுப்போட்ட கால், பெட்டி, மச்சினன்.

"அத்தான், டப்பாவுல முதல் பட்டன் நான்தானாம். அம்பதுன்னு திருத்திக்குங்க." நொண்டிக்கொண்டே உள்ளே வந்தவன் அண்ணாந்து பார்த்தான். "அட, அதே மின்விசிறி!"

"இவன் உள்ளே வந்தா நான் வெளியே!" என்று ஃபோர்மேன் கர்ஜித்தார்.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. கோட்டுச் சட்டையில் தைக்கும் பெரிய பித்தளைப் பட்டன் ஒன்றை எடுத்து டப்பாவுக்கு மேலே பிடித்தாள்.

"சரிங்க. ஒருத்தர் வந்து ஒருத்தர் போனா, பழைய அம்பத்தொண்ணேதான். போடட்டுமா?"

கேப்டன் அந்தப் பட்டனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மச்சினனின் பெட்டியைத் தூக்கினார்.