நூல் வராத பெல்ட்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தபோது உலகமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கவலைப்பட்டது. கன்னட நாட்டுப் பொம்மசந்திராவில் இருந்த அரசாங்கச் சிற்றுண்டித் தொழிற்சாலை மட்டும் ஒரு நூலைப் பார்த்துக் கவலைப்பட்டது. வெள்ளை நூல், முக்கால் அங்குலம். ஒரு நிப்பட்டுக்குள் இருந்தது. நிப்பட்டு என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்த் தட்டைதான்.

நூல் எங்கிருந்து வந்தது என்பது ஃபிட்டர் உத்தமனுக்குத் தெரியும். தட்டிய மாவை எண்ணெய்ச் சட்டிவரை சுமந்துபோகும் கன்வேயர் பெல்ட்டுக்குள் துணி அடுக்கு உண்டு. பதினோரு வருஷ உழைப்பில் ஓரமெல்லாம் பிரிந்து தொங்கியது. வேறு பெல்ட் வேண்டும் என்று இரண்டு வருஷமாக எழுதிக் கொடுத்தான். பதிலுக்கு ஒரு மெமோ வந்தது.

'இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில், இனி ஒரு நூல் காணப்படுமாயின், அந்நூலுக்குப் பொறுப்பான ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுவார்.' பொறுப்பான ஊழியர் யார் என்பதில் குழப்பம் வரக்கூடாதே என்று கீழே உத்தமன் பெயரையும் போட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, கத்தரிக்கோலால் பெல்ட்டுக்கு முடி வெட்டினான். பாவம், வேலை போனால் ஜோகுபாளையத்தில் அடுத்த மாத வீட்டு வாடகைக்கு வழியில்லை.

அப்போதுதான் பெல்ட் விற்கும் நோயல் நீல நிறத்தில் ஒரு சாம்பிளோடு வந்தான்.

"அண்ணே, இது முழுக்க ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. உள்ள துணியே கெடையாது. துணி இல்லன்னா நூல் ஏது? எண்ணெய் உள்ள எறங்காது. பைப்ப வச்சு அடிச்சுக் கழுவலாம். ரெண்டு முனையையும் சூடு பண்ணா ஒட்டிக்கும்."

உத்தமன் அதை மடக்கினான், முறுக்கினான், முகர்ந்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். நேரே ஜெனரல் மேனேஜர் தேசிகனிடம் ஓடினான்.

"ரொம்ப நல்லது. உடனே வாங்கிடலாம்" என்றார் தேசிகன். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்லே?"

முறைப்படி பெல்ட் தேர்வுக் குழு அமைந்தது. தேசிகன், ஸ்டோர்ஸ் கிருஷ்ணப்பா, நிர்வாகப் பிரிவு மமதா ஆகிய மூவரும் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் ஒரு சாம்பிளை ஒரு மாதம் நேரடிப் பயன்பாட்டில் வைத்திருந்து அறிக்கை தர வேண்டும்.

"மெஷின்ல போட்டுப் பாக்க வேணாமா சார்?" என்றான் உத்தமன்.

"மெஷின் என்ன, கமிட்டி மெம்பரா?"



சாம்பிள்கள் வந்தன. அடிக்கு அடி சதுரம், பார்க்க அழகு. தேசிகன் தன் புதுக் கம்ப்யூட்டரின் மவுஸுக்கு அடியில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றவில்லை, மவுஸின் உறையை மட்டும் கழற்றினார். கிருஷ்ணப்பா ஸ்கூட்டர் சீட்டில் விரித்தார். மமதா வீட்டு வாசலில் மிதியடியாகப் போட்டார்.

"ஏங்க, எல்லாரும் ஆளுக்கொண்ணு கொண்டுபோயிட்டாங்களாமே. நமக்கு ஒண்ணு கெடையாதா?" என்றாள் வீட்டில் மனைவி ராதா.

"நான் கமிட்டி மெம்பர் இல்ல ராதா" என்றான் உத்தமன். சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அறிக்கை தயாரானது. 'மவுஸ் சீராக நகர்கிறது. சீட்டில் சற்றே வழுக்குகிறது. பாதங்களின் ஈரத்தை உறிஞ்சவில்லை. எனினும் தோற்றம் கம்பீரம். அங்கீகரிக்கப்பட்ட மாதிரியை எல்லா வகையிலும் ஒத்ததாக, இருபத்தெட்டு மீட்டர் வாங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

சரக்கு வந்தது. உத்தமன் பெட்டியைத் திறந்தான். தொண்ணூற்றிரண்டு சதுரங்கள், அடிக்கு அடி.

"என்னடா நோயல் இது?"

"நான் என்னண்ணே பண்றது? உருட்டி ஒரே நீளமா அனுப்புனா, 'மாதிரி போல இல்ல'ன்னு திருப்பிடுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல பயந்துட்டாங்க."

தேசிகன் ஒரு சதுரத்தை எடுத்துத் தன் மேஜையில் இருந்ததோடு ஒப்பிட்டார். "அப்படியே இருக்கே! என்ன குறை?"

"ஒட்டிடலாம் சார். ஒட்டுற மெஷின் மட்டும் ஒண்ணு வாங்கிக் குடுத்தா..."

"அதுக்குத் தனிக் கமிட்டி."

"அதுவரைக்கும் பழைய பெல்ட்டே ஓடட்டுமே?"

"பழசா?" என்றார் கிருஷ்ணப்பா. "அதைச் சரக்கு வந்ததுமே கழட்டி ஏலத்துல விட்டாச்சு, ஹோய்த்து. பழசு ஒப்படைச்சாதானப்பா புதுசு கொடுப்பேன்? சொல்ப அட்ஜஸ்ட் மாட்கோ உத்தமா."

கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்தார்கள். மாவு மெஷினிலிருந்து எண்ணெய்ச் சட்டிவரை ஆட்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நீலச் சதுரத்தில் நிப்பட்டை ஏந்திக் கைமாற்றினார்கள். நூல் வரவே இல்லை. பாக்கெட்டில் 'கையால் செய்தது' என்று அச்சடித்து விலையை இரட்டிப்பாக்கினார்கள். கோரமங்களாவில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் க்யூவில் நின்று வாங்கினார்கள். உத்தமனின் மெமோ ரத்தானது.

அடுத்த மாதம் ஒரு நிப்பட்டில் தலைமுடி இருந்தது.

உத்தமன் ரத்தான மெமோவைத் தேடி எடுத்து மறுபடி படித்தான். ஆனால் தேசிகன் சிரித்த முகமாகக் கூப்பிட்டார். "தலைக்கு வலைத் தொப்பி வாங்கணும். கமிட்டி போடறோம். இந்தத் தடவை நீங்களும் மெம்பர்."

"சார், முடிக்கு மெமோ?"

"கமிட்டி மெம்பருக்கு மெமோ குடுக்க ரூல் கெடையாது."

உத்தமன் நல்ல மனுஷன்தான், ஆனாலும் மனுஷன்தானே! "சாம்பிள் எத்தனை சார் வரும்?" என்று கேட்டான்.

இரண்டு வலைகளோடு வீட்டுக்குப் போனான். ராதா வாங்கிக்கொண்ட வேகத்தில் ஒன்று அடுப்பங்கரை ஆணியில் ஏறியது. ஒரு மாதம் கழித்து, முறைப்படி அறிக்கை எழுதினான். 'வலை உறுதியானது. காற்றோட்டம் நன்று. மூன்று கிலோ வெங்காயம்வரை தாங்குகிறது.'

தேசிகன் படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். "இவ்வளவு நாளா உங்களைப் போய் ஃபிட்டராவே வெச்சிருந்தோமே!"

மூன்று கிலோ கொள்ளளவில் வலைகள் வந்தன. ஆட்களின் தலையில் நிற்கவில்லை, கழுத்தில் கிடக்கின்றன. நிப்பட்டில் இன்னும் முடி வருகிறது. ஆனால் வாங்குகிறவர்கள் யாரும் புகார் எழுதுவதில்லை. கையால்தான் செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று, முடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தின்கிறார்கள்.