கரும்புச் சட்டையில் மஞ்சள்

அலுமாரியில் சட்டை இல்லை.

யசோதினி மேல்தட்டைப் பார்த்தாள், கீழ்த்தட்டைப் பார்த்தாள், மனசு கேட்காமல் அலுமாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அங்கே இரண்டு கரப்பான்பூச்சிகள் இருந்தன. சட்டை இல்லை.

"மொதலாளி! கரும்புச் சட்டையக் காணோம்!"

பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருக்கும் செல்வநாயகம், கடைக்குப் பின்னாலிருந்த பின்னல் கூடத்துக்குள் சாவகாசமாக வந்தார்.

"ஏன் கத்துற? கூட்டித் துடைக்கிற இராக்கம்மாகிட்டச் சொல்லி, நாந்தான் சாமி படத்துக்கு முன்னால வைக்கச் சொன்னேன். நாளைக்குப் பொங்கல். இன்னைக்கு வெள்ளைக்கார அம்மா வருது. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

யசோதினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் அதிக நேரம் தங்கவில்லை.

சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளம் இருந்தது. அதில் இரண்டு துண்டு கரும்பு, வெற்றிலை, பாக்கு, ஏதோ பேப்பர் பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த வெள்ளைச் சட்டை. அதன் கழுத்துக்குக் கீழே, பார்க்கிறவர் கண் முதலில் போய் விழுகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"ஐயோ!" என்றாள் யசோதினி. உடனே இராக்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஆமா புள்ள, நாந்தான் மஞ்ச வச்சேன்," என்றது இராக்கம்மாவின் குரல், பஸ் இரைச்சலுக்கு நடுவே. "புதுத் துணிக்கு மஞ்ச வைக்காம எப்படிப் போடுறது? நான் இப்ப பொங்கப் பானை வாங்க..."

போன் செத்துவிட்டது. அதன்பிறகு எத்தனை தடவை எடுத்தாலும் ஒரு பெண் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

இந்தச் சட்டையின் மதிப்பு தெரியாவிட்டால் யசோதினியின் நடுக்கம் உங்களுக்கு விளங்காது. மொனராகலைப் பக்கம் கரும்பு பிழிந்து எறிகிற சக்கை இருக்கிறதே, அதில் நார் எடுத்து, கடல் கடந்து அனுப்பி நூலாக்கி, கூம்பில் சுற்றிய மூன்றே மூன்று கோன் வரவழைத்திருந்தார்கள். ஒரு கோன் மெஷினைப் பழக்குவதில் போயிற்று. இன்னொரு கோன் மெஷின் திருத்துகிற சதீஸ்குமாரைப் பழக்குவதில் போயிற்று. மூன்றாவது கோனில் பிறந்தது, வட்டக் கழுத்தும் அரைக் கையுமாகச் சாதாரண வெள்ளைப் பெனியன் வடிவத்தில் இந்த ஒற்றைச் சட்டை. நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில்தான், துணி மிருதுவாக வருவதற்கான கடைசிக் கழுவல் முடிந்து அலுமாரிக்குள் போனது. அதன்பிறகு யாரும் அதை ஆசையாகத் தடவிப் பார்க்கக்கூட இல்லை.

'கரும்புல சட்டையா? போட்டா எறும்பு மொய்க்காதா?' என்று பதுளையே சிரித்தபோது, மொய்க்காது என்று அடித்துப் பேசியவள் யசோதினி. அந்தம்மாவுக்குப் பிடித்தால் ஆறாயிரம் சட்டைக்கு ஓடர். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கூடத்துக்குப் பூட்டு. பதினோரு பெண்களுக்கு வேலை போகும். யசோதினி மறுபடியும் கட்டுநாயக்கா கார்மென்ட் பக்டரி வேலைக்கு, எட்டுப் பேர் படுக்கிற போர்டிங் அறைக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஏழு வருடம் அங்கே கிடந்துவிட்டுத்தான் சொந்த ஊரான நமுனுகுலவுக்குத் திரும்பியிருந்தாள். இப்போதுதான் அம்மா கையால் சாப்பிட்டு முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

போன் அடித்தது. வெள்ளைக்கார அம்மாவைக் கொழும்பிலிருந்து அழைத்து வரும் ஏஜென்ட் றில்வான்.

"மிஸ், பண்டாரவளையில டீ குடிக்கிறோம். எல்லாம் ரெடிதானே?"

"ரெடி சேர்," என்றாள் யசோதினி. பொய் சொன்ன வாய் காய்ந்துவிட்டது.

"அக்கா, கொஞ்சம் சவுக்காரம் போட்டாப் போயிரும்," என்றான் சதீஸ்குமார்.

போட்டார்கள். நன்றாக நுரை வரத் தேய்த்தார்கள். மஞ்சள் போயிற்று. அது இருந்த இடத்தில் சிவப்பு வந்தது. கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி கொட்டின தண்ணீர் போல அப்படியொரு சிவப்பு.

"என்ன புள்ள இது, கொலை நடந்த சட்டை மாதிரி இருக்கு!" செல்வநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மொதலாளி, தேசிக்காய் பிழிஞ்சா சிவப்பு எடுபட்டுரும்," என்றான் சதீஸ்குமார். அவனுடைய நம்பிக்கைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

மூன்று தேசிக்காய் பிழிந்தார்கள். சிவப்பு உண்மையாகவே எடுபட்டது. பழைய மஞ்சள் திரும்பி வந்தது. முன்பு கட்டைவிரல் அகலம் இருந்தது, இப்போது உள்ளங்கை அகலம்.

"நீ இனிமே வாயத் தொறக்காத," என்றாள் யசோதினி.

போன் அடித்தது. "மிஸ், தெமோதரை வந்துட்டோம். அந்தம்மா பாலத்தப் போட்டோ எடுக்கிறா."

இன்னும் நாலு போட்டோ கூட எடுக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே யசோதினி யோசித்தாள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். தேயிலைக் கறை எந்த ஜென்மத்துக்கும் போகாது. ஒரு கறையை எடுக்க முடியாவிட்டால் சட்டை முழுவதையும் கறையாக்கிவிடலாம்.

"தம்பி, பெரிய கேத்தல்ல தண்ணி வை. அரைப் பைக்கட் டஸ்ட் தேயிலையும் கொட்டு."

"டீ போடவாக்கா? எனக்கும் தொண்டை காயுது."

"சட்டைக்குடா!"

கொதிக்கக் கொதிக்கச் சாயம் இறக்கி, வாளியில் ஊற்றிச் சட்டையை முக்கினார்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால், பால் அதிகமான டீ நிறம். மறுபடி முக்கினார்கள். அதே நிறம்.

"பருத்தின்னா இந்நேரம் கறுத்திருக்கும். இது என்னமா அடம் பிடிக்குது," என்று பல்லைக் கடித்தாள் யசோதினி.

"கரும்பு இல்லியா? கெட்டிதான்," என்றார் செல்வநாயகம். மூன்றாம் தடவை முக்கியதில் சட்டை ஒருவிதமான மண் நிறத்துக்கு வந்தது. நெஞ்சில் மட்டும் மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்தம்மா உற்றுப் பார்க்கத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பது வேறு விஷயம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆனால் சட்டை பிழிந்து உதறின கையோடு பாதி காய்ந்துவிட்டது.

"பாத்தியா, தண்ணியே நிக்கல. இந்தத் துணிக்கு நல்ல எதிர்காலம் இருக்கு," என்றார் செல்வநாயகம்.

மீதி ஈரத்துக்கு யசோதினி அயர்னைச் சூடாக்கினாள். அவசரத்தில் சூட்டை முழுவதுமாகத் திருகிவிட்டாள். சட்டையின் கீழோரத்தில் வைத்ததுதான் தாமதம், சுர்ரென்று ஒரு சத்தம். துணி அயர்னோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டு வந்தது. கூடம் முழுக்க ஒரே நாற்றம்.

"அக்கா, பிளாஸ்டிக் எரியிற மாதிரி மணக்குதே?"

"போடா மடையா! அது கரும்பு. சீனி கருகினா இப்படித்தான் மணக்கும்," என்று செல்வநாயகம் அதட்டினார். சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

போன் அடித்தது. "மிஸ், ஹாலிஎல தாண்டிட்டோம்!"

யசோதினி அழவில்லை. அழ நேரமில்லை. கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் அடியில் மூன்று அங்குலம் வெட்டி எறிந்தாள், மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்தாள். நூலை அறுக்கும்போது கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இதுதான் டிசைன்னு அடிச்சு சொல்லு. என்ன கேட்டாலும் டிசைன்," என்று காதுக்குள் சொன்னார் செல்வநாயகம்.

வெள்ளைக்கார அம்மா உயரமாக, ஒல்லியாக இருந்தார். வணக்கம் சொன்னார், உட்காரவில்லை. நேராகச் சட்டையைக் கையில் எடுத்தார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். பிறகு நெஞ்சிலிருந்த மங்கல் மஞ்சளில் விரலை வைத்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

செல்வநாயகம் யசோதினியைப் பார்த்தார். றில்வான் நெற்றியைத் துடைத்தார். டிசைன் என்ற சொல் யசோதினியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினோரு பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடக் கட்டுநாயக்கா ஆங்கிலத்தில் அவள் உண்மையைக் கொட்டிவிட்டாள். புதுத் துணிக்கு மஞ்சள் வைக்கிற வழக்கத்தைச் சொன்னாள், சவர்க்காரத்தைச் சொன்னாள், தேசிக்காயைச் சொன்னாள், தேயிலையைச் சொன்னாள், அயர்னைச் சொன்னாள், வெட்டினதையும் சொன்னாள்.

"போச்சு," என்று முனகினார் செல்வநாயகம்.

அந்தம்மா சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு றில்வானிடம் படபடவென்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். கண்ணில் தண்ணீர் வேறு.

"என்ன சேர் சொல்றாங்க?" செல்வநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்காங்களாம். இவ்வளவு நேர்மையான ஒரு துணிய எங்கயும் பாக்கல்லியாம். மஞ்சள், தேயிலை, எல்லாமே மண்ணுல விளைஞ்சதாம். கன்னத்துல வச்சா கரும்புத் தோட்டத்துல நிக்கிற மாதிரியே இருக்காம். நல்லாக் கேட்டுக்குங்க, ஆறாயிரமும் இதே மாதிரி வேணுமாம். இதே துணி, இதே நிறம், இதே கட்டை நீளம். இம்மி பிசகக்கூடாதாம்!"

அங்கேயே, வெட்டும் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சட்டையைக் குழந்தையைப் போலச் சுற்றித் தன்னுடைய பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத அவங்க நாட்டு லேபுல குடுத்து, நூத்துக்கு நூறு கரும்புன்னு சேட்டிபிகேட் எடுக்கப் போறாங்க. அந்தச் சேட்டிபிகேட்ட ஒவ்வொரு சட்டையிலயும் தொங்க விடுவாங்களாம். இன்னைக்கு ராத்திரியே பிளேன்," என்றார் றில்வான்.

கார் முடக்குத் திரும்பி மறைந்ததும் கூடமே கூத்தாடியது. சதீஸ்குமார் வாளியைக் கவிழ்த்துத் தப்படித்தான். செல்வநாயகம் எல்லாருக்கும் லட்டு வாங்க ஆள் அனுப்பினார். யசோதினி ஒரு மூலைக்குப் போய் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். "அம்மா, நான் எங்கயும் போகல்லம்மா. இங்கயேதான் இருக்கப் போறேன்," என்று சொல்லும்போதே பொங்கிப் பொங்கி அழுதாள்.

அந்த நேரத்தில்தான் இராக்கம்மா, நனைந்த குடையும் புதுப் பானையுமாக உள்ளே வந்தாள். யாரையும் கவனிக்காமல் நேராகச் சாமி படத்தடிக்குப் போனாள். தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். வெற்றிலையை விலக்கினாள், கரும்பை விலக்கினாள், சாமி படத்துக்குப் பின்னாலும் கையை விட்டுத் துழாவினாள். கடைசியில் பேப்பர் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து யசோதினியின் கையில் வைத்தாள்.

"இந்தா புள்ள, ஒன் கரும்புச் சட்டை. மஞ்ச பட்டா ஏசுவியேன்னு பேப்பர்ல சுத்தி வச்சிருந்தேன். ஆமா, எங்க வீட்டுக்காரருக்கு ரோட்டோரத்துல அறுநூறு ரூவாய்க்கு எடுத்த பெனியனுக்கு மஞ்ச வச்சு மேலே வச்சிட்டுப் போனேனே, அத யாரு எடுத்தது?"