உப்புச் சர்க்கரைத் தட்டில் பாய்ந்த மின்சாரம்

முழு முட்டாளால் ஊருக்குப் பெரிய கெடுதல் இல்லை. அரைகுறையாகப் படித்தவனால்தான் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், இண்டர்மீடியட்டில் இரண்டு முறை தோற்றுவிட்டுத் திருச்செங்கோட்டில் திரிந்த என்னைத்தான் சொல்கிறேன்.

அந்த லட்சணத்தில் சங்ககிரிப் பக்கம் எனக்குப் பெண் பேசினார்கள். அந்தப் பெண் பாவாயியைக் கோயிலில் ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (பிறகு நன்றாகவே இறங்கியது.) அவள் அப்பாவோ, "ரெண்டு தடவ தோத்த பையனாமுங்களே" என்று இழுத்துக்கொண்டிருந்தார். என் விஞ்ஞான மேதைமையைக் காட்டி அவர் வாயை அடைக்க முடிவு செய்தேன்.

பழைய லாரியின் இக்னீஷன் காயில், அதன் பேட்டரி, ஒரு மின்சார மணியின் அதிரும் தகடு, இவற்றைச் சேர்த்து ஓர் இயந்திரம் செய்தேன். தகடு மின்சாரத்தை வெட்டி வெட்டி விட, காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து இரண்டு ஆணிகளுக்கு நடுவே நீலப் பொறி பறக்கும். தொட்டால் ஆளை உலுக்கும், அவ்வளவுதான். சிகரெட் டப்பாவின் ஈயத்தாளைச் சுருட்டி, மின்சாரத்தைத் தேக்கும் கண்டன்சர்கூடச் செய்தேன். (இந்த அக்கறையைப் பாடத்தில் காட்டியிருக்கலாம்.)

உப்புச் சர்க்கரை மாற்றும் நாள் வந்தது. உப்பும் சர்க்கரையும் வைத்த பித்தளைத் தட்டை இரு அப்பாக்களும் கைமாற்றினால் சம்பந்தம் உறுதி. தட்டு விழுந்தால் அபசகுனம், சம்பந்தம் அத்தோடு சரி. மாப்பிள்ளை போகும் வழக்கமே இல்லை. நான் இயந்திரத்தோடு போனேன். தட்டு மாறும் கணத்தில் பக்கத்து முக்காலியில் பொறி பறக்க வேண்டும் என்பது திட்டம். விசையை அழுத்தினேன்.

அழுத்திய வேகத்தில் ஒரு கம்பி ஆணியிலிருந்து கழன்று தட்டின் விளிம்பில் விழுந்தது. மறு கம்பி ஏற்கெனவே கழன்று, சாணி மெழுகிய ஈரத்தரையில் கிடந்தது. பெரியவர்கள் இருவரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

அப்பாவின் குடுமி ஆடியது. பெண்ணின் அப்பாவுக்கு மீசை துடித்தது. ஆனால் இருவரும் தட்டை விடவில்லை.

"சம்பந்தி... உட்றாதீங்க!"

"நீங்க உட்றாதீங்க சாமி!"

நான் விசையிலிருந்து கையை எடுத்தால் போதும். அது தோன்றாமல், "பயப்படாதீங்க, ஆம்பியர் கம்மிதானுங்க!" என்று விளக்கிக்கொண்டே அழுத்தினேன். உள்ளேயிருந்து ஓடிவந்த பாவாயிதான் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள். "அறிவிருக்குதுங்களா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வெட்கத்தில் செத்தேன்.

தட்டு விழவில்லை. பெண்ணின் அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இத்தன ஒதறலுக்கும் உடாமப் புடிச்ச சம்பந்தி எனக்கு வேற எங்க கெடைப்பாருங்க? பையனப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்."

அன்று முதல் எங்கள் வீட்டில் மூங்கில் தட்டுத்தான். சென்ற ஆண்டு பேத்தியின் நிச்சயத்தில், "பித்தளை ஆகாதுங்க. எங்க முன்னோர் வகுத்த ஆசாரமுங்க" என்று என் மகன் புதுச் சம்பந்தியிடம் பயபக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

பாவாயி என்னைக் கைகாட்டினாள். "அந்த முன்னோர் இதா, இங்கதான் உக்காந்திருக்காருங்க."